‘யாருக்குத்தான் வியர்க்கவில்லை?’ என்று இனியும் கேட்க வேண்டாம்

ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரல் செல்லும் காலை நேர மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அரிது. நிற்பவர்கள் கையை உயர்த்தி மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்தாமல், இருக்கையின் விளிம்பில் சாய்ந்து, தோள்பையை மார்போடு அணைத்தபடி நிற்கும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கு அக்குளில் சட்டை நனைந்திருக்கும். வெயில் ஏறும் முன்பே நனைந்திருக்கும்; மார்கழிக் காலையிலும் நனைந்திருக்கும். கையை உயர்த்தினால் பிறர் பார்த்துவிடுவார்களே என்ற அச்சத்தில் தடுமாறியபடியே அவர்கள் பயணம் செய்கிறார்கள்.

இத்தகையோர் எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவதுண்டு. ஆனால் இதற்காக வந்ததாகச் சொல்லமாட்டார்கள். அக்குளில் படர்தாமரை என்றோ, தோல் கறுத்துவிட்டது என்றோ சொல்லி வருவார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போதுதான், "இன்னொன்று கேட்கலாமா, டாக்டர்?" என்று தயங்குவார்கள். அந்த இன்னொன்றுதான் அவர்கள் வந்த காரணம். கேட்டுப் பார்த்தால், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியிருக்கும். கறுப்பு நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் தவிர வேறு நிறத்தில் சட்டை வாங்கியதில்லை என்பார்கள். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்த வேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் பணியை வேண்டாம் என்றவர்கள் உண்டு. பெண் பார்க்கும் நாளன்று ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இத்தனை ஆண்டுகள் ஏன் வரவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான். வீட்டில் சொன்னார்கள், நண்பர்களிடம் சொன்னார்கள், சிலர் மருத்துவரிடமும் சொன்னார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டது ஒன்றே: "சென்னையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை?" மருத்துவர்களாகிய நாங்களும் இக்கேள்வியைக் கேட்ட நாட்கள் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அது தவறான கேள்வி என்பதை விளக்கவும், சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையை நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவுமே இக்கட்டுரை.

வியர்ப்பது வேறு, மிகைவியர்வை வேறு

மனித உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடல் சூடேறும்போது மூளை ஆணையிட, பரிவு நரம்புகளின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, சுரப்பியை இயக்குகிறது. தோலின் மேல் வந்த நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. இது நம்மைக் காக்கும் ஏற்பாடு. மே மாதத்துக் கத்திரி வெயிலில் அம்பத்தூர்ப் பட்டறையொன்றில் நிற்பவருக்கு உடல் முழுதும் வியர்ப்பது நோய் அன்று, வியர்க்காவிட்டால்தான் ஆபத்து.

மிகைவியர்வை என்பது இதற்கு மாறானது. உடலுக்குத் தேவை இல்லாதபோதும் நரம்பு ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. சுரப்பிகளில் குறை ஏதும் இருப்பதில்லை. அவற்றின் எண்ணிக்கையும் மற்றவர்களுக்கு இருப்பதே. காரணமின்றி ஆறு மாதங்களுக்கு மேலாக ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அளவுக்கு மீறி வியர்த்து, அதனுடன் பின்வருவனவற்றுள் இரண்டேனும் இருந்தால் அதை மிகைவியர்வை எனக் கொள்கிறோம்: இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் வியர்த்தல், வாரத்துக்கு ஒரு முறையேனும் நிகழ்தல், அன்றாட வேலைக்கு இடையூறாதல், 25 வயதுக்கு முன் தொடங்கியிருத்தல், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருத்தல், உறங்கும்போது நின்றுவிடுதல். கடைசியாகச் சொன்ன அடையாளம் முக்கியமானது. அக்குள் பகலில் நனைந்து இரவில் உலர்ந்திருந்தால், பெரும்பாலும் அச்சத்துக்கு இடமில்லை.

இது அரிய நோயும் அன்று. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், மக்களுள் 2.8 விழுக்காட்டினருக்கு மிகைவியர்வை இருப்பதாகவும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது அக்குளில் இருப்பதாகவும் தெரியவந்தது. எங்களை நிறுத்திச் சிந்திக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு எண். பாதிக்கப்பட்டவர்களுள் 38 விழுக்காட்டினர் மட்டுமே அதைப் பற்றி ஒரு மருத்துவப் பணியாளரிடம் பேசியிருந்தார்கள். வெயில் குறைந்த, குளிர்சாதன அறைகள் நிறைந்த நாட்டிலேயே இப்படி. எல்லோருக்கும் வியர்க்கும் நம் ஊரில், மிகையாக வியர்ப்பவர் கூட்டத்துக்குள் மறைந்துபோவது வியப்பன்று.

இன்னொரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். மிகைவியர்வை தூய்மைக் குறைவால் வருவதன்று. அளவுக்கு மீறி வெளிவரும் இந்த வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. அதற்குத் தனியே நாற்றம் இல்லை. அக்குளில் உள்ள வேறு வகைச் சுரப்பிகளின் கசிவைத் தோலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போதே நாற்றம் எழுகிறது. "ஒழுங்காகக் குளி" என்று மகளிடம் சொல்லும் தாய், ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கும் மகளிடமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அந்தச் சொல் வியர்வையை நிறுத்துவதில்லை; மகள் மனம் திறந்து பேசுவதைத்தான் நிறுத்துகிறது.

முதலில் காரணத்தைத் தேடுவோம்

சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. வியர்வை வேறொரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரத்தல், மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மருந்துகள், வலி நீக்கும் அபின் வகை மருந்துகள் ஆகியவை அவற்றுள் சில. பொதுவாக இவற்றில் உடல் முழுதும் வியர்க்கும், நடு வயதில் புதிதாகத் தொடங்கும், உறக்கத்திலும் நிற்காது.

இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் ஆகியவை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென வியர்வையும் நடுக்கமும் வந்தால், சர்க்கரை குறைந்துவிட்டது என்று கொண்டு உடனே இனிப்பான பானம் கொடுக்க வேண்டும். நெஞ்சு வலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் தாமதம் கூடாது. 108 எண்ணை அழைக்க வேண்டும். இவை எவையும் இல்லாமல், இளமையில் தொடங்கி, இரு அக்குளிலும் மட்டும் வியர்ப்பவருக்கு நீண்ட பரிசோதனைப் பட்டியல் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

முதற்படி: சில நூறு ரூபாய்க் கரைசல்

அக்குள் மிகைவியர்வைக்கு முதல் மருந்து, 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு கரைசல். இது வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். முடி திருத்துவோர் முகம் மழித்த பின் தேய்க்கும் படிகாரமும் அலுமினிய உப்பே. ஆனால் அதன் ஆற்றல் இதற்கு ஈடாகாது. கடைகளில் விற்கும் டியோடரன்ட் பெரும்பாலும் நறுமணத்தாலும் நுண்ணுயிரிகளைக் குறைப்பதாலும் நாற்றத்தை மட்டுமே தடுக்கும், வியர்வையை நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட் என்னும் வேறு வகை. இரண்டையும் ஒன்றென்று கருதி, மாதந்தோறும் புதுப் புது நறுமணத் தெளிப்பான்களுக்குச் செலவிட்டு, "எதுவும் பயன்படவில்லை" என்று சொல்பவர்கள் மிகப் பலர்.

"அலுமினியம் கரைசலையும் போட்டுப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம்" என்று சொல்பவர்களும் உண்டு. எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், "காலையில் குளித்த உடனே" என்பார்கள். தவறு அங்கேதான். அலுமினியம் குளோரைடு நீரோடு சேர்ந்தால் அமிலத்தன்மை உண்டாகித் தோல் எரியும். அன்றியும், பகலில் வியர்வை பாய்ந்துகொண்டிருக்கும்போது மருந்து குழாய்க்குள் தங்காது. ஆகவே இரவில் படுக்கும் முன், மின்விசிறிக் காற்றில் அக்குளை முற்றிலும் உலர்த்திய பிறகு, மெல்லியதாகப் பூச வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். மழித்த பின் ஓரிரு நாட்கள் பூசக்கூடாது. புண்ணோ படையோ உள்ள தோலில் பூசக்கூடாது. துணியைக் கெடுக்கும் ஆதலால் பழைய பனியனை அணிந்து படுக்கலாம். வியர்வை குறையும் வரை ஒவ்வோர் இரவும், குறைந்த பின் வாரத்துக்கு ஓரிரு முறையும் போதும். நான்கு முதல் ஆறு வாரங்கள் இப்படிச் செய்து பார்க்காமல், "பயனில்லை" என்ற முடிவுக்கு வருவது சரியன்று.

எரிச்சல் வந்தால் ஓரிரு நாட்கள் நிறுத்தலாம்; மருத்துவர் சொன்னால் மென்மையான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் தடவலாம். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற செய்தி கைபேசிகளில் அடிக்கடி சுற்றுகிறது; அதற்கு உறுதியான சான்று இல்லை. சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகியவற்றைத் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: ஊசியும் புதிய பூச்சு மருந்துகளும்

முதற்படி முறையாகச் செய்தும் போதாதபோது அடுத்தவற்றை எண்ணலாம். போட்டுலினம் நச்சு, அதாவது போடாக்ஸ் என்னும் வணிகப் பெயரால் மக்கள் அறிந்த ஊசி மருந்து, நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. அக்குள் மிகைவியர்வைக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2004-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. முதலில் அக்குளில் அயோடின் தடவி மாவுப்பொடி தூவுவார்கள். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறும். அந்த இடத்தில் மெல்லிய ஊசியால் பத்துப் பதினைந்து புள்ளிகளில், ஓர் அக்குளுக்கு 50 அலகு வீதம் மருந்தைச் செலுத்துவார்கள். ஒரு வாரத்துக்குள் பலன் தெரியும்.

இந்த மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆயினும் அது நிலையானதன்று. பலன் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் குறைந்து, மறுபடியும் ஊசி தேவைப்படும். ஒரு முறைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எனவே "ஒரு முறை போட்டால் போதும்" என்று எவரேனும் சொன்னால், அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் ஆகும் செலவை எழுதித் தருமாறு கேளுங்கள். கருவுற்றோர், பாலூட்டுவோர், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளோர் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

பூசும் மருந்துகளில் ஒரு புதிய வகையும் வந்துள்ளது. இவை அசிட்டைல்கோலின் சுரப்பியைச் சென்று சேராமல் தடுப்பவை. கிளைக்கோபைரோனியம் நனைத்த துடைப்புத் துணிக்கு அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. சோஃப்பிரோனியம் என்னும் களிம்பு ஜப்பானில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் ஒப்புதல் பெற்றது. இவற்றைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக்கூடாது: பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். நீர்த்தொட்டியில் மின்னோட்டம் செலுத்தும் அயான்டோஃபொரெசிஸ் முறை உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் ஏற்றது. அக்குளின் அமைப்புக்கு அது எளிதில் பொருந்துவதில்லை.

மாத்திரையும் மே மாதமும்

கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் ஆகிய மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். இவை அக்குளை மட்டும் தேடிச் செல்வதில்லை. உடல் முழுதும் சென்று சேர்கின்றன. வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கலாம், சிறுநீர் இறங்கச் சிரமம் ஏற்படலாம். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுவோரும் இவற்றை எடுக்கக்கூடாது.

எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. இந்தப் புறநகரில் வாழ்வோரின் உழைப்பு எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். 1960-களில் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் ஆயத்த ஆடைக் கூடங்களிலும், ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும், பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும் கட்டுமான இடங்களிலும் வெப்பத்தில் நின்று உழைப்போர் பல்லாயிரம் பேர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அத்தகைய வெப்பத்தில் உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. உடல் முழுதும் வியர்வையை அடக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு, கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இஸ்திரிப் பெட்டியின் முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு வெப்ப மயக்கமும் வெப்பத் தாக்கும் நேரலாம். எனவே மருந்து எழுதும் முன் மருத்துவர் "என்ன வேலை செய்கிறீர்கள்? எங்கே நின்று செய்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் கேட்க மறந்தால் நீங்கள் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி ஆண்டு முழுதும் வாங்கி உண்ண வேண்டிய மாத்திரை இதுவன்று.

"அப்படியானால் அக்குளில் பூசுவதும் ஊசி போடுவதும் உடலைச் சூடாக்காதா?" என்று சிலர் கேட்பதுண்டு. சூடாக்காது. அக்குளின் பரப்பு மிகச் சிறியது. உடலைக் குளிர்விக்கும் வேலையை மார்பு, முதுகு, நெற்றி, கைகால்கள் ஆகியவற்றின் சுரப்பிகள் செய்துகொள்ளும். இடத்துக்கு மட்டும் செய்யும் சிகிச்சைக்கும் உடல் முழுதும் பரவும் சிகிச்சைக்கும் உள்ள இந்த வேறுபாடு, நம் ஊரின் வெப்பத்தில் இன்னும் பெரிதாகிறது.

திரும்ப முடியாத படிகள்

நுண்ணலையால் அக்குளின் சுரப்பிகளைச் சூடாக்கி அழிக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. அழிந்த சுரப்பி மறுபடி வளர்வதில்லை ஆதலால் பலன் நீடிக்கும். வீக்கம், மரத்துப்போதல் ஆகியவை சில வாரங்கள் இருக்கலாம். செலவு மிகுதி, எல்லா ஊர்களிலும் இக்கருவி இல்லை. அக்குளின் சுரப்பிகளைச் சிறு துளை வழியே சுரண்டி எடுக்கும் அறுவையும் உண்டு.

இறுதியில் நிற்பது, மார்புக் கூட்டுக்குள் குழாய் செலுத்திப் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை. உள்ளங்கை மிகைவியர்வையில் இதன் பலன் உடனடியானது. ஆனால் அறுவைக்குப் பின் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புதிதாக வியர்வை பெருகுகிறது. ஈடுசெய் வியர்வை என்னும் இந்த விளைவு சிலருக்கு முதல் நோயைவிடக் கொடியதாக அமைகிறது; துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உறுதியான வழி இல்லை. அரிதாக ஒரு பக்கக் கண் இமை தொங்கிவிடவும் கூடும். அக்குளில் மட்டும் வியர்ப்பவருக்கு இந்த அறுவை தேவையில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. எளிய வழிகள் அனைத்தும் பயனற்றுப்போன, மிகவும் துன்புறும் ஒருவர் எல்லாவற்றையும் அறிந்து கேட்டால் மட்டுமே இதைப் பற்றிப் பேச வேண்டும்.

வரிசை ஏன் வேண்டும்?

"என்னிடம் பணம் இருக்கிறது, நேராக ஊசியே போட்டுக்கொள்கிறேன். சில நூறு ரூபாய் மருந்தோடு ஆறு வாரங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு எங்கள் விடை: இந்த வரிசை ஏழைக்கு ஒன்று, செல்வருக்கு ஒன்று என்று அமைந்ததன்று. பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பொறுத்து அமைந்தது. கரைசல் ஒத்துவராவிட்டால் நிறுத்திய சில நாட்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்பும். ஊசி ஒத்துவராவிட்டால் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். அறுவை ஒத்துவராவிட்டால் வாழ்நாள் முழுதும் பொறுக்க வேண்டும். திரும்பி வரக்கூடிய வழியை முதலில் நடந்து பார்ப்பதே அறிவுடைமை.

இவ்வரிசை இரும்புச் சட்டமும் அன்று. கரைசல் பட்டாலே தோல் கொப்பளிக்கும் ஒருவரை ஆறு வாரங்கள் காத்திருக்கச் சொல்வது கொடுமை. இரண்டு மாதத்தில் திருமணம் வைத்துக்கொண்டு அஞ்சி நிற்கும் பெண்ணுக்கு ஊசி தக்க முடிவாக இருக்கலாம். எந்தப் படியில் நிற்பது, எப்போது அடுத்த படிக்குச் செல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியே. அவர் அறிந்து முடிவு செய்ய உதவுவது எங்கள் கடமை. கடன் வாங்கியோ மாதத் தவணை கட்டியோ "நிரந்தரத் தீர்வு" வாங்கும் முன், முதற்படியை முறையாகச் செய்தேனா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

"இது அழகுக்கான சிகிச்சைதானே, நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் இதற்கு நேரம் எங்கே?" என்று கேட்போரும் உண்டு. வியர்வையால் எவரும் இறப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒருவர் வேலையை விடுவதும், நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் இருப்பதும், நெருங்கிப் பழகத் தயங்கித் தனித்துப்போவதும் உடல்நலத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. பத்து நிமிடப் பேச்சும் ஒரு சிறு குப்பி மருந்தும் இவற்றுள் பலவற்றைத் தடுக்குமென்றால், அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காமைக்கு நாங்கள் சொல்லும் காரணம் எதுவும் நிற்காது.

வீடும் வேலையிடமும்

மருந்தோடு சில எளிய ஏற்பாடுகளும் துணை செய்யும். தளர்வான பருத்தி ஆடை, அக்குளில் உள்ளே வைத்துத் தைத்த மெல்லிய பருத்தித் துணித் துண்டு, பையில் ஒரு மாற்றுச் சட்டை ஆகியவை நாளைக் கடக்க உதவும். சீருடை தரும் நிறுவனங்கள் இன்னும் ஒரு படி செல்லலாம். காற்றுப் புகாத செயற்கை இழையில், நனைந்தால் அப்பட்டமாகத் தெரியும் வெளிர் நீலத்தில் சீருடையைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதை அணிந்து நாள் முழுதும் நிற்பவரையும் நினைத்துப் பார்க்கட்டும். ஒருவருக்கு இரண்டு சீருடைக்கு மாறாக மூன்று தருவதும், இடைவேளையில் மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம் ஒதுக்குவதும் பெரிய செலவு அல்ல.

குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. வியர்வையைப் பற்றி நகையாட வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். "இதற்கு மருத்துவம் இருக்கிறதாம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். தோல் மருத்துவப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனைக்கும் செல்லலாம். தனியார் மருத்துவமனைச் செலவுக்கு அஞ்சுவோர், நம் ஊரிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே ஒரே பேருந்தில் அடையக்கூடிய கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவை நாடலாம்.

வரும்போது நான்கு செய்திகளைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த வயதில் தொடங்கியது, உறக்கத்தில் நிற்கிறதா, இப்போது என்னென்ன மருந்து உண்கிறீர்கள், என்ன வேலை, எவ்வளவு வெப்பத்தில். இவற்றோடு ஐந்தாவதாக, இதனால் நீங்கள் செய்யாமல் விட்டது எது என்பதையும் எழுதுங்கள். சொல்ல நாணமாக இருந்தால் தாளை நீட்டினாலே போதும். எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று செய்யக் கடமைப்பட்டுள்ளோம். அக்குள் படையென்று எவர் வந்தாலும், அவர் எழுந்து கதவருகே சென்று தயங்கும் வரை காத்திராமல், "வியர்வையால் துன்பம் உண்டா?" என்று நாங்களே முதலில் கேட்க வேண்டும்.